சராசரி ஸயா

கோடை முற்றினால் ரயில் பாதை ஓரத்துக் கீற்றுக் குடிசைகள் எரியும். ரங்கூனின் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் அது மாமரம் பூப்பது போல. பூக்கும் என்று தெரியும், எந்தக் கிளை என்று தெரியாது. சனம் சட்டி பானையோடு ஓடும். ஒருத்தி கோழிக்கூண்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடுவாள், கூண்டுக்குள் கோழி இராது. நாங்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளி வரிசையில் நிற்போம். எங்கள் மெஸ்ஸின் 'சராசரி ஸயா' மட்டும் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், சாம்பல் தன் கோட்டின் மேல் விழாத தூரமாகப் பார்த்து, கறுப்புக் குடையின் கீழ் நிற்பார். ஒவ்வொரு கூரையும் உட்காரும்போது தலையை ஆட்டுவார்.

"கணக்குக்குள்ளதான் இருக்கு" என்பார்.

அதைச் சொல்லும்போது முகத்தில் வயிறு நிறைந்தவனின் அமைதி இருக்கும். நான் பலரை வெறுத்திருக்கிறேன். வெறுப்பு ஆறியும் போயிருக்கிறது. இவர் விஷயத்தில் அப்படி ஆறவில்லை. எத்தனையோ வருஷம் கழித்து, வேறு கடல், வேறு ஊர், எங்கிருந்தாவது நெல் உமி புகையும் வாசனை வந்தால் போதும். ரங்கூன் எழுந்து வருகிறது. ஆறும் மழையும் பகோடாவின் தங்கக் கூம்பும் எழுந்து வருகின்றன. அவற்றின் நடுவே குடையோடு இந்த மனிதரும் வந்து நின்று காட்சியைக் கெடுக்கிறார்.

வெள்ளைக்காரர்களின் தீ இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் அவர் குமாஸ்தா. நெல் ஆலைகளில் வருஷத்துக்கு எத்தனை எரியும், எரிந்தால் எவ்வளவு போகும், அதற்கு எவ்வளவு பிரீமியம் வாங்கினால் கம்பெனி தப்பிக்கும் என்று போட்டுத் தருவது வேலை. திருச்சியில் கணிதம் படித்தவர். நன்றாகப் படித்தவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரைகுறையாகப் படித்திருந்தால் இவ்வளவு கேடு நேர்ந்திருக்காது. பர்மாவில் வாத்தியாரை 'ஸயா' என்பார்கள். நாங்கள் தங்கிச் சாப்பிட்ட மெஸ்ஸில் அவர் யாருக்கும் வாத்தியார் இல்லை. ஆனாலும் அந்தப் பட்டத்தை எங்களிடம் கேட்டே வாங்கிக்கொண்டார். நாங்கள் அவர் முன்னால் ஸயா என்றோம், முதுகுக்குப் பின்னால் சராசரி என்று சேர்த்துக்கொண்டோம்.

காரணம் மீன் குழம்பு. ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸில் மீன். கரண்டி அவர் கையில். ஒருநாள் என் பக்கத்தில் இருந்த தட்டச்சுக்காரர் தட்டைத் துழாவிப் பார்த்துவிட்டு, "ஸயா, எனக்கு ஒரு துண்டுகூட வரலியே" என்றார். ஸயா தன் தட்டில் இருந்த மூன்று துண்டுகளையும் அசையாமல் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆளுக்கு ஒன்றரை. சராசரி சரியாத்தான் இருக்கு."

சிரித்தோம். அப்போது சிரிக்கத் தெரிந்த வயது.

பிறகு எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. மழைக்காலம். தகரக் கூரையில் மழை விழுந்த சத்தம் என் மண்டைக்குள்ளேயே விழுந்தது. சுவர் மூச்சு விட்டது. ஈரச் சாக்கு போல நான் கிடந்தேன். அவர் கட்டில் அருகே வந்து, தொடாமல் நின்று, "கவலைப்படாதீங்க கவிராயரே, இந்தக் காய்ச்சல்ல பத்துக்கு ஒம்பது பிழைக்கும்" என்றார். நான் அப்போது ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன் என்பதற்காக அவர் எனக்குச் சூட்டிய ஏளனப் பட்டம் 'கவிராயர்'.

"நான் ஒம்பதுல இருக்கேனா, பத்தாவது ஆளா ஸயா?" என்று கேட்டேன். பயமாக இருந்தது.

"அது கணக்குல வராது" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

நான் பிழைத்தேன். அதையும் அவர் தன் பக்கம் எழுதிக்கொண்டார்.

லத்தா பேட்டையில் சீனர்கள் முப்பத்தாறு மிருகச் சூதாட்டம் நடத்திக்கொண்டிருந்தார்கள். முப்பத்தாறில் ஒரு மிருகத்தின் மேல் காசு வைக்க வேண்டும். அது விழுந்தால் முப்பது பங்கு தருவார்கள். முந்தின ராத்திரி யானையைக் கனவு கண்டவன் யானை மேல் வைப்பான், மனைவியோடு சண்டை போட்டவன் பாம்பின் மேல் வைப்பான். துறைமுகத்து ஆட்கள் கூலியில் பாதியை அங்கே தொலைத்தார்கள். சராசரி ஸயா அந்தச் சந்தின் முனையில் நின்று, வெளியே வருகிறவர்களை நிறுத்திக் கணக்குச் சொல்வார். "முப்பத்தாறு மிருகம், குடுக்கறது முப்பது. ரூபாய்க்கு ரெண்டணா எட்டு பை அவனுக்குப் போகுது. புரியுதா?" அவர்கள் கும்பிட்டுவிட்டு நழுவுவார்கள். காசை இழந்த மனிதனுக்கு அதன் சதவீதத்தையும் சேர்த்துக் கொடுப்பது அவருடைய கருணை.

ஆற்றங்கரையில் ஒரு ஹோட்டல் மூடியபோது சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. அவர் ரூலெட் என்கிற சூதாட்டச் சக்கரம் ஒன்றை வாங்கிவந்தார். கருங்காலி விளிம்பு, பித்தளைக் குமிழ், பிரம்மாண்டமான தேங்காய்த் துருவி போல ஒரு சாதனம். முப்பத்தாறு எண்கள், சிவப்பும் கறுப்பும் மாறி மாறி. முப்பத்தேழாவதாகப் பச்சை நிறத்தில் பூஜ்யம். அந்த மழைக்காலம் முழுதும் மெஸ் கூடத்தில் தந்தக் குண்டு உருண்டது. கூரை மேல் மழை, கூரைக்குக் கீழே குண்டு. நாங்கள் தீக்குச்சிகளைப் பணயம் வைத்தோம்.

அப்போது ஒரு பாடம் சொன்னார். இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை, நல்ல பாடம். கெட்ட மனிதர்கள் நல்ல பாடம் சொல்வதுதான் உலகத்தின் பெரிய எரிச்சல்.

"சிவப்பு மேல ஒரு ரூபா வைங்க. நூறு தடவை வைங்க. சராசரியா எவ்வளவு போகும்? ரெண்டு ரூபா பதினோரு அணா. பூஜ்யம் தின்னுடும். சரி. இப்ப சிவப்பை விட்டுட்டு ஒரே ஒரு எண் மேல நூறு தடவை வைங்க. விழுந்தா முப்பத்தஞ்சு பங்கு. சராசரியா எவ்வளவு போகும்?"

"நிறைய போகும்" என்றார் தட்டச்சுக்காரர்.

"அதே ரெண்டு ரூபா பதினோரு அணா!" அவர் கண் மின்னியது. "சராசரி ஒண்ணுதான். ஆனா ஊசல் வேற. சிவப்புல சராசரிக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பத்து ரூபா ஆடும். ஒத்தை எண்ல அம்பத்தெட்டு ரூபா ஆடும். சராசரியை மட்டும் பாக்கிறவன் முட்டாள். ஊசலைப் பாக்கணும். சின்னப் பந்தயம், நிறைய பந்தயம். அப்பத்தான் சக்கரம் வச்சிருக்கிறவன் பிழைப்பான். பெரிய பந்தயம் ஒண்ணே ஒண்ணை ஏத்துக்கிட்டா, சராசரி கைகட்டி நிக்கும், ஊசல் வந்து அடிச்சுட்டுப் போயிடும்."

இதை அவர் சொன்னார். அவர் வாயால் சொன்னார். வாசகர் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

துறைமுகத்துத் தமிழ்க் கூலிகள் தங்களுக்குள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். சாவுச் சங்கம் என்றே அதற்குப் பெயர். மாதம் கொஞ்சம் போடுவார்கள். யாராவது செத்தால் பாடைச் செலவு, அவன் குடும்பம் ஊருக்குப் போகக் கப்பல் டிக்கெட், போய் இறங்கும்போது கையில் நூறு ரூபாய். அந்த நூறு ரூபாய்தான் முக்கியம். வெறுங்கையோடு திரும்பும் விதவையை வாசலுக்குள் விடுகிற வீடு அன்றைக்குக் குறைவு. இங்கிலீஷில் மனு எழுதத் தெரிந்தவர் என்று அவரைச் செக்ரட்டரியாக வைத்திருந்தார்கள். பணம் அவரிடம் இருந்தது. ஒரு பைசா அவர் தொட்டதில்லை. திருடனாக இருந்திருந்தால் நான் எப்போதோ மன்னித்திருப்பேன்.

அந்த வருஷம் சாவு அதிகம், நிதி இளைத்துவிட்டது. அம்மன் கோயில் தீமிதித் திருவிழாவில் சக்கரத்தைப் போட்டு நிதியைத் தேற்றலாம் என்று அவர் யோசனை சொன்னார். சூதாட்டத்துக்குத் தடைதான், தர்ம காரியம் என்று எழுதிக் கொடுத்தால் திருவிழா வரைக்கும் போலீஸ் கண்ணை மூடிக்கொள்ளும். சனம் வைக்கிற ஒவ்வொரு ரூபாயிலும் அரையணாவுக்குக் கொஞ்சம் குறைவாகச் சங்கத்துக்கு நிற்கும். சீனனைப் போலக் கொள்ளை இல்லை, நாணயமான கொள்ளை. சங்கத்து நிதி முழுதும், எழுநூறுக்குக் கொஞ்சம் குறைவு, சக்கரத்துக்கு முதலாக வைக்கப்பட்டது.

திருவிழாவுக்குச் சற்று முன்னால், சரக்கு தூக்கும் விஞ்ச் ஓட்டுகிற ஒரு விஞ்ச்காரர் கப்பலின் அடித்தட்டில் விழுந்து இறந்தார். மனைவிக்குச் சின்ன வயது, இடுப்பில் பெண் குழந்தை. டிக்கெட்டும் நூறு ரூபாயும் கேட்டு வந்தாள்.

"திருவிழா முடியட்டும்மா. அடுத்த கப்பல்ல போகலாம்" என்றார் அவர். "இப்ப எடுத்தா முதல் குறையும். முதல் குறைஞ்சா ஊசல் தாங்காது."

அவளுக்கு ஊசல் என்றால் தொட்டில்தான் தெரியும். தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

திருவிழா நாளை நினைத்தால் மஞ்சள் நீரும் வேப்பிலையும் வியர்வையும் கலந்து இப்போதும் மூக்கில் ஏறுகிறது. பூக்குழிக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சக்கரத்தைச் சுற்றிக் கூட்டம், எல்லார் உள்ளங்கையிலும் ஈரமான காசு. பலகையில் அவரே கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்: பந்தயம் இரண்டு ரூபாய்க்கு மேல் இல்லை. அப்போது கூட்டம் விலகியது. ஆள் கட்டி வேலை வாங்கும் பெரிய மேஸ்திரி வந்தார். சரிகைத் தலைப்பாகை, கழுத்தில் மாலை.

எங்கள் ஆட்களின் வியாபாரத்தில் முதல் காசு போணி. யார் கையால் போணி ஆகிறதோ அப்படியே அந்த நாள் முழுதும் ஓடும். பெரிய கைக்காகக் காத்திருப்பார்கள். கொடுக்கிற போணியை மறுப்பதும் குறைப்பதும் கிடையாது.

"ஸயா, எம்மாம் பெரிய சக்கரம்! கையைப் போடலாமா?" என்றார் மேஸ்திரி.

"உங்க கையாலதான் போணி ஆகணும்னு ஒருத்தரையும் விடாம வச்சிருக்கேன்" என்றார் இவர். அந்த முதுகு வளைந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். எரிகிற குடிசை முன்னால் வளையாத முதுகு, சரிகைக்கு முன்னால் அழகாக வளைந்தது.

மேஸ்திரி இருபது ரூபாயை எடுத்துப் பதினொன்றின் மேல் வைத்தார். "என் கேங் நம்பரு" என்றார். பலகையைப் பார்த்துவிட்டு, "ரெண்டு ரூபான்னு போட்டிருக்கே?" என்று தயங்கவும் செய்தார்.

"அது சனங்களுக்கு. போணிக்கு எல்லை கிடையாது."

நான் அவர் காதருகே குனிந்தேன். "ஸயா, ஒத்தை எண். ஊசல்."

"சும்மா இருங்க கவிராயரே. முப்பத்தேழுல முப்பத்தாறு நமக்கு." உதடு அசையாமல் சொன்னார். மேஸ்திரியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

சக்கரம் சுழன்றது. குண்டு விளிம்பில் ஓடி, ஆலோசித்து, இறங்கி, இரண்டு முறை துள்ளிப் பதினொன்றில் உட்கார்ந்தது.

இருபதுக்கு முப்பத்தைந்து பங்கு, எழுநூறு. கூட்டம் மேஸ்திரிக்காகக் கைதட்டியது. தங்கள் பாடைக்காசு போவதைத் தாங்களே கைதட்டி அனுப்பினார்கள். ஸயா தகரப் பெட்டியைத் திறந்து அவ்வளவையும் எண்ணி வைத்தார். குறைந்ததை மேஸ்திரி விட்டுக்கொடுத்தார். அதோடு நிற்கவில்லை. பணத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்.

"ஸயா, இது சாவுக் காசு. எனக்கு எதுக்கு? நான் வச்ச இருபதை மட்டும் எடுத்துக்கிறேன். மிச்சம் சங்கத்துலயே இருக்கட்டும்."

அந்த விநாடியில் எல்லாம் சரியாகிவிட்டிருக்கும். 'நல்லதுங்க' என்று ஒரு வார்த்தை போதும். ஸயாவுக்கு வாய் வரவில்லை. திருப்பி வாங்கினால் கணக்கு தோற்றதாகிவிடுமே!

"பிச்சை வேண்டாங்க" என்றார் கூட்டம் கேட்கும்படி. "இதெல்லாம் கணக்குக்குள்ளதான் இருக்கு. நீங்க ஆடுங்க, விடாம ஆடுங்க. ஆட ஆட அது தானா திரும்பி வரும்."

மேஸ்திரி முகம் கறுத்தது. பணத்தைத் துண்டில் முடிந்தார். "நான் போணி பண்ணத்தான்யா வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். விட்டுப் போகிறவனுக்கு ஸயாவின் கணக்கில் இடமே இல்லை. எல்லாரும் முடிவில்லாமல் நின்று ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான் அவர் சரி.

சிறிய பந்தயக்காரர்கள் காசோடு நின்றார்கள். அவருக்கு வரவேண்டிய லாபம் முழுதும் அங்கே வரிசையில் நின்றது. விழுந்தால் கொடுக்க முதல் இல்லை. சக்கரத்தின் மேல் சாக்கைப் போட்டு மூடினோம். பின்னால் பூக்குழி கனிந்துகொண்டிருந்தது.

சங்கத்து ஆட்கள் மேஸ்திரி வீட்டுக்குப் போய்க் கேட்டார்கள். "நாலு பேர் முன்னால குடுத்தேன். பிச்சைன்னு சொன்னவரு உங்க செக்ரட்டரி. போய் அவரைக் கேளுங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

விஞ்ச்காரர் மனைவியிடம் சொல்ல ஸயா என்னைத் துணைக்கு அழைத்துப் போனார். கூலி லைனில் ஈரத் துணிகளுக்கு நடுவே அவள் நின்றாள். அவர் விளக்கினார். முப்பத்தேழு குழிகளைப் பற்றி, இதே பந்தயத்தை முப்பத்தேழு தடவை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பற்றி, கணக்கு எங்கும் தப்பவில்லை என்பதைப் பற்றி. குரல் தழுதழுக்கவில்லை. அவள் கடைசிவரை கேட்டாள்.

"அப்ப கப்பல் இல்லீங்களா?"

"சராசரியாப் பாத்தா உனக்கு..."

"நான் சராசரியா எல்லாம் போக வேணாம் ஸயா. புள்ளையைத் தூக்கிட்டுக் கப்பல்ல போகணும்."

அவர் குடையை விரித்துக்கொண்டு வெளியே வந்தார். மழைகூட இல்லை. "படிப்பில்லை, பாவம்" என்றார் என்னிடம்.

நாங்கள் மெஸ்ஸில் டிக்கெட்டுக்கு மட்டும் சேர்த்தோம். அவள் வாங்கவில்லை. "வெறுங்கையோட போய் மச்சாண்டார் வாசல்ல நிக்கிறதுக்கு ஒரு டிக்கெட்டா? வச்சுக்குங்க தம்பி" என்றாள். கப்பல் போயிற்று. அதற்கடுத்த கப்பலும் போயிற்று. அவள் லைனில் இல்லை என்றார்கள். எங்கே என்று யாரும் சொல்லவில்லை. சங்கம் கலைந்தது. கம்பெனியில் அவருக்குச் சம்பள உயர்வு வந்தது. சக்கரம் மெஸ் மூலையில் சாக்குக்கு அடியில் கிடந்தது. ஒரு பூனை அதில் குட்டி போட்டது. அந்த வீட்டில் அந்தச் சக்கரம் செய்த ஒரே நல்ல காரியம்.

சில வருஷம் கழித்து ஒரு விடுமுறையில், அவர் கூப்பிட்டார் என்று, ரங்கூனை அடுத்த கியாக்தானுக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். எங்காவது போய்க்கொண்டே இருக்க வேண்டும் எனக்கு, துணை யார் என்று பார்த்ததில்லை. ஆற்றுக்கு நடுவே ஒரு தீவு. தீவு முழுதும் ஒரு பகோடா. தண்ணீர் மேல் தங்கம் மிதக்கிற மாதிரி காலை வெயிலில் நடுங்கிக்கொண்டிருந்தது. படகில் போகிறவர்கள் கெளுத்தி மீன்களுக்குப் பொரி வாங்கிப் போடுவார்கள். அன்று படகேறும் கரைக்கு முதல் ஆட்களாக நாங்கள்தான் வந்து சேர்ந்தோம். புளியமரத்தடியில் பொரித் தட்டோடு ஒருத்தி இருந்தாள். பர்மியப் பாவாடை, கன்னத்தில் தனகாச் சந்தனம். பக்கத்தில் ஒரு சிறுமி அவளோடு பர்மிய மொழியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"யாரு, ஸயாவா?" என்றாள் தமிழில்.

அவருக்கு ஒரு நொடி பிடித்தது. விஞ்ச்காரர் மனைவி என்று அடையாளம் தெரிந்ததும், நான் பயந்தது நடந்தது. முகம் மலர்ந்தது. சாப்பிட்டு எழுந்த அதே மலர்ச்சி.

"நல்லா இருக்கியே! பாத்தீங்களா கவிராயரே? அன்னைக்கு எல்லாரும் என்னமோ பேசினீங்க. கடைசில எல்லாம் கணக்குக்குள்ள வந்திருச்சு பாத்தீங்களா?" ஓரணாவை எடுத்து நீட்டினார். "பொரி குடும்மா."

அவள் கை நீளவில்லை. கோபமும் இல்லை அந்த முகத்தில். ஈ ஓட்டுகிற விசிறியைத் தட்டின் மேல் ஒருமுறை வீசினாள்.

"இன்னும் போணி ஆகலை ஸயா."

"அதான் நான் குடுக்கிறேனே."

"உங்க கையால வேணாம். யாராச்சும் வந்து வாங்கட்டும், பொறவு தரேன். அப்படி ஓரமா நில்லுங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார். நீட்டிய கை அப்படியே நின்றது. படித்துறையில் யாரும் இல்லை. ஆறு மட்டும் வந்து வந்து போயிற்று. படகுக்காரன், "லா, லா" என்று எங்களை அழைத்தான். பொரி இல்லாமல் படகில் ஏறியிருக்கலாம். அவரால் முடியவில்லை. அந்த ஓரணாவை அவள் வாங்கியாக வேண்டும் அவருக்கு. படகு போய்விட்டது. வெயில் மரத்தைத் தாண்டி அவர் மேல் விழுந்தது. குடையை விரித்தார். படித்துறைப் பக்கம் பார்த்தார், ரோட்டுப் பக்கம் பார்த்தார்; உதடு எதையோ முணுமுணுத்தது. எத்தனை பேர் வருவார்கள், எப்போது வருவார்கள் என்று போட்டுக்கொண்டிருந்தார் போலும். சிறுமி அவரையே பார்த்து ஏதோ கேட்டாள். தாய் பர்மிய மொழியில் ஒரே வார்த்தையில் பதில் சொன்னாள். இருவரும் சிரித்தார்கள்.

கடைசியில் அவர் என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது.

"கவிராயரே, உங்ககிட்ட சில்லறை ஏதாச்சும் இருக்கா? நீங்க முதல்ல ஒரு பொட்டலம் வாங்கிடுங்களேன்."

சட்டைப் பைக்குள் என் விரல்களுக்கு நடுவே ஓரணா இருந்தது. நீட்டினால் வாங்கியிருப்பாள். நன்றாக, இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"இல்லையே ஸயா" என்றேன்.